இருபத்தேழாம் புள்ளி

என் முகத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடந்ததெல்லாம் அதை நம்பித்தான் நடந்தது. எனக்குப் பிறவியிலேயே உம்மணாமூஞ்சி. கல்யாணப் போட்டோவில் பக்கத்தில் நிற்பவள் பல் தெரியச் சிரிக்கிறாள். நான் யாரோ என் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்ட மாதிரி நிற்கிறேன். ஐம்பது வயது வரை இந்த முகத்தால் எனக்கு ஒரு பிரயோஜனமும் இருந்ததில்லை. ஐம்பத்தொன்றில் அதற்கு ஒரு வேலை கிடைத்தது. அந்த வேலையில் நான் என்ன செய்தேன் என்று சொல்ல நாக்குக் கூசுகிறது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

நான் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளன். கண்ணாடிக் குழாய்களைக் கழுவுவது, குப்பிகளில் எண் ஒட்டுவது, உறைபெட்டியின் கதவு சரியாக மூடியிருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் பெயருக்குப் பின்னால் இரண்டு மூன்று பட்டம் வைத்திருப்பவர்கள். அது எனக்கு உறுத்துவதே இல்லை என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொள்வேன். உறுத்தும்.

எங்கள் டாக்டரம்மா அப்போது ஒரு கேப்ஸ்யூலைச் சோதித்துக்கொண்டிருந்தார். குடலில் வாழக்கூடிய நல்ல கிருமிகளைக் காயவைத்து அடைத்த கேப்ஸ்யூல். புரோபயாட்டிக் என்று பாட்டிலில் எழுதியிருக்கும். இதை ஆறு வாரம் சாப்பிட்டால், மனசுக்கு வருகிற நெருக்கடியை உடம்பு கொஞ்சம் நிதானமாகத் தாங்குமா என்பது அவருடைய கேள்வி. பாதிப் பேருக்குக் கிருமி, பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, எடுத்துக் கொடுக்கிற எங்களுக்கும் தெரியாது. அந்தப் பட்டியல் வேறொரு ஊரில், ஒட்டிய உறைக்குள் இருந்தது.

"குடலுக்கும் மனசுக்கும் ஒரு தொடர்பு இருக்கு. அது எந்த வழியா போகுதுன்னுதான் தேடறோம்" என்று வருகிறவர்களிடம் டாக்டரம்மா விளக்குவார். நான் குழாய் கழுவிக்கொண்டே கேட்பேன். பயம் வந்தால் வயிற்றைக் கலக்குகிறது என்கிறோம். பக்கத்து வீட்டுக்காரன் மாடி கட்டினால் வயிறு எரிகிறது. நல்ல சேதி வந்தால் வயிற்றில் பால் வார்த்தது போல இருக்கிறது. ஊரே வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை இவர்கள் இப்போதுதான் குப்பியில் பிடிக்கிறார்கள் என்று எனக்குள் ஒரு நக்கல். கழுவுகிற கைக்கு நக்கலாவது மிஞ்ச வேண்டாமா.

சோதனை இப்படி. கேப்ஸ்யூலைத் தொடங்கும் முன் ஒரு தடவை, ஆறு வாரம் முடிந்த பின் ஒரு தடவை, ஆளை வேண்டுமென்றே பதற வைக்க வேண்டும். பதறியவர் வாயில் ஒரு சின்னப் பஞ்சுருளையை மெல்லக் கொடுத்து, அந்த எச்சிலில் பதற்றச் சுரப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளக்க வேண்டும். இரண்டாவது தடவை ஏற்றம் குறைந்திருந்தால், கேப்ஸ்யூலுக்கு அதில் பங்கு இருக்கலாம்.

பதற வைப்பதற்கென்றே ஓர் அறை. ஒரு மேஜை, அதன் பின்னால் வெள்ளைக் கோட்டில் இரண்டு பேர், கண்ணைக் கூச வைக்கும் விளக்கு, மூலையில் ஒரு கேமரா. கேமரா வெறும் கூடு, உள்ளே ஒன்றும் கிடையாது. வந்தவர் எங்கள் எதிரே நின்று, தன்னை ஏன் வேலைக்கு எடுக்க வேண்டும் என்று ஐந்து நிமிஷம் பேச வேண்டும். பிறகு ஆயிரத்து நாற்பத்து மூன்றிலிருந்து பதினேழு பதினேழாக மனசுக்குள் கழித்து, விடையை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். உட்கார்ந்திருக்கிற நாங்கள் சிரிக்கக் கூடாது, தலையாட்டக் கூடாது, 'ம்' என்றுகூடச் சொல்லக் கூடாது. தப்பு வந்தால், "தவறு. ஆயிரத்து நாற்பத்து மூன்றிலிருந்து மறுபடியும்." அந்த ஒரு வரி மட்டும்தான்.

கேட்க எளிதாக இருக்கிறது. மாணவர்களை உட்கார வைத்துப் பார்த்தார்கள். பாவம், அவர்களுக்குத் தலை தானாக ஆடியது. ஒரு நாள் டாக்டரம்மா குழாயடியில் நின்ற என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இந்த முகம் போதும்" என்றார். வீட்டுக்கு வந்து சொன்னபோது, "வீட்டுல சும்மா காட்டற மூஞ்சியை அங்க வேலையாவே காட்டப் போறீங்களாக்கும்" என்றாள் மனைவி. உள்ளுக்குள் எனக்கு ஒரே பெருமை. வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் இரண்டு தடவை நின்றேன்.

பக்கத்து நாற்காலியில் உட்காருபவர் புள்ளிவிவரக்காரர். நாங்கள் அவரைப் புள்ளிக்காரர் என்போம். நல்ல மனுஷர், பல் மட்டும் சரியில்லை.

இந்த வேலையில் இன்னொரு பாதியும் உண்டு. சோதனை முடிந்து, வந்தவர் பக்கத்து அறையில் உட்கார்ந்து நாற்பது நிமிஷம் பஞ்சு மென்று முடித்ததும், நாங்கள் இருவரும் கோட்டைக் கழற்றிவிட்டு அங்கே போக வேண்டும். சிரிக்க வேண்டும். "முகத்தை அப்படி வெச்சுக்கச் சொல்லி எங்களுக்கு உத்தரவு. உங்ககிட்ட ஒரு குறையும் இல்லை. யார் நின்னாலும் அங்க தடுமாறத்தான் செய்வாங்க" என்று சொல்ல வேண்டும். சொன்ன பின் படிவத்தில் 'விளக்கம் சொல்லப்பட்டது' என்ற கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்திட வேண்டும். கூடத்தில் இதற்கு 'சிரிப்புப் படிவம்' என்று பெயர். இதை விட்டுவிட்டால் ஒருவரை அடித்துவிட்டுத் தண்ணீர் கொடுக்காமல் அனுப்புவது போல என்று டாக்டரம்மா முதல் நாளே சொன்னார். எனக்கு அந்தப் பாதி வராது. சிரித்தால் என் கன்னம் வலிக்கும். புள்ளிக்காரர் சிரிப்பார், நான் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன், அதுவே போதுமானதாக இருந்தது.

இன்னொரு விதியும் இருந்தது. வருகிறவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால் எழுந்து போய்விட வேண்டும்.

இருபத்தேழாம் எண்காரர் ஒரு மத்தியானம் வந்தார். நாற்பது வயது இருக்கும். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கதவைத் திறந்து உள்ளே வந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. சான்றிதழ் அலுவலகத்தின் நாலாம் ஜன்னல்.

ஒரு மாதத்துக்கு முன் என் மகளின் பிறப்புச் சான்றிதழில் தேதி தப்பாக இருந்ததைத் திருத்த அங்கே போயிருந்தேன். அன்றைக்கு என் கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டேன். படிவத்தில் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வது போல இருந்தது. கண்ணாடி இல்லை என்று சொல்ல வேண்டியதுதானே. சொல்லவில்லை. குத்துமதிப்பாக எழுதினேன், மகளின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என் பெயர், தேதி இருக்க வேண்டிய இடத்தில் முகவரி. மூன்றாவது தடவை ஜன்னலில் நீட்டியபோது அந்தம்மா படிவத்தைத் திருப்பித் தள்ளினார். "எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க யாராவது கூட வந்திருக்காங்களா?" என்று கேட்டார். பின்னால் வரிசையில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். நான் படிவத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

இப்போது அவர் நிற்கிறார், நான் உட்கார்ந்திருக்கிறேன். எழுந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். 'இவர் எனக்குத் தெரிந்தவரா என்ன? பெயர் தெரியுமா, வீடு தெரியுமா?' என்று எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடினேன். வக்கீல் ஜெயித்தார். நான் எழுந்திருக்கவில்லை. அந்தம்மா என்னைப் பார்த்தார், முகம் வெளிறியது. விளக்கின் வெளிச்சம் என்று நினைத்தேன். ஒரு நாளைக்கு நூறு முகம் பார்க்கிறவருக்கு என் முகம் எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது.

பேச்சு இரண்டு நிமிஷத்தில் நின்றுவிட்டது. மீதி மூன்று நிமிஷமும் அவர் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார். கழித்தலில் ஆயிரத்து இருபத்தாறு, ஆயிரத்து ஒன்பது, தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றிரண்டு வரை வந்தார். அடுத்து, "தொள்ளாயிரத்து... எண்பத்தஞ்சு" என்றார். நான் தவறு என்று சொன்னேன். மறுபடி தொடங்கினார், மறுபடி அதே இடத்தில் விழுந்தார். அவர் கை வயிற்றைப் பிடித்துக்கொண்டது. அந்த ஒரு வரியோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

"இதுகூடத் தெரியாதவங்களை எப்படி ஜன்னல்ல உட்கார வெச்சாங்க?" என்றேன்.

அந்த வரி யாருடைய தாளிலும் இல்லை. புள்ளிக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார், ஆனால் அவர் ஒரு கையால் தாடையைப் பிடித்துக்கொண்டிருந்தார், பல்வலி உயிரை எடுத்துக்கொண்டிருந்தது. அந்தம்மா உதட்டைக் கடித்துக்கொண்டார். அந்த நொடியில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து என்ன பயன், நன்றாகவே சந்தோஷமாக இருந்தது.

புள்ளிக்காரர் பல் டாக்டரிடம் ஓடினார். "நீங்களே போய் சிரிச்சிட்டு வந்துடுங்க" என்றார். நாற்பது நிமிஷம் காத்திருந்தேன். போய் அந்தம்மா முன் நின்று 'உங்களிடம் ஒரு குறையும் இல்லை' என்று சொல்ல என் வாய் வருமா? வரவில்லை. படிவத்தில் டிக் போட்டேன், கையெழுத்துப் போட்டேன், எதிர்க் கடைக்கு டீ குடிக்கப் போனேன். ஒன்றுக்கு இரண்டாகக் குடித்தேன்.

அதோடு முடிந்திருந்தால் நான் அதை மறந்தே போயிருப்பேன், அப்படிப்பட்டவன்தான் நான். ஆனால் கேப்ஸ்யூல் சாப்பிடுகிறவர்கள் தினமும் ஒரு சின்ன நோட்டில் நாலு வரி எழுத வேண்டும்: வயிறு எப்படி, தூக்கம் எப்படி, மனசு எப்படி. வாரம் ஒரு முறை நோட்டைப் படம் எடுத்து அனுப்புவார்கள். அதைக் கணினியில் ஏற்றுவது என் வேலை.

இருபத்தேழின் முதல் வாரத்தில் இப்படி இருந்தது. "கேப்ஸ்யூல் சாப்பிட்டேன். வயிற்றுவலி அப்படியே. தூக்கம் இல்லை. அந்தக் கறுப்புக் கட்டம் போட்ட சட்டைக்காரர் சொன்னது சரிதான்." கோட்டுக்குள் நான் கட்டம் போட்ட சட்டைதான் போட்டிருந்தேன். இரண்டாம் வாரம்: "ஜன்னல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பழைய பதிவேட்டு அறைக்கு மாற்றிவிட்டார்கள். இங்கே யாரும் வருவதில்லை." மூன்றாம் வாரம்: "பாத்திரம் கழுவும்போது கழித்தல் செய்து பார்க்கிறேன். மகன் சிரிக்கிறான். கேப்ஸ்யூல் வேலை செய்தால் நானும் மற்றவர்கள் மாதிரி ஆகிவிடுவேன்."

கடைசி வரியை ஏற்றும்போது என் விரல் நின்றுவிட்டது. டாக்டரம்மாவின் கேப்ஸ்யூல் எதைக் குணப்படுத்தப் பார்க்கிறதோ தெரியாது, இந்தம்மா அதை நான் உண்டாக்கிய ஒரு நோய்க்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இல்லாத குறைக்கு ஆறு வாரம் மருந்து.

அன்றிலிருந்து என் வயிற்றைக் கலக்க ஆரம்பித்தது. வயிற்றைப் பற்றி நக்கல் செய்த எனக்கே. காலையில் டிபன் இறங்காது. "என்ன, மூஞ்சி இன்னும் நீளமாயிருக்கு?" என்று மனைவி கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். டாக்டரம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று நாலு தடவை அவர் அறை வாசல் வரை போனேன். சொன்னால் அந்த நாற்காலி போய்விடும், ஒருவேளை வேலையே போய்விடும். நாலு தடவையும், "ஒரு நம்பர் ஸ்டிக்கர் தீர்ந்துடுச்சும்மா" என்று எதையாவது உளறிவிட்டுத் திரும்பினேன். ஒரு நாள், யாரோ மிச்சம் வைத்துத் திருப்பிக் கொடுத்த பாட்டிலில், எண்ணிக் குறித்த பின் அழிக்க வைத்திருந்ததில், இரண்டு கேப்ஸ்யூலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். அதில் கிருமியோ மாவோ, எனக்கு ஒரு குணமும் தெரியவில்லை. இந்த வெட்கக்கேட்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

ஆறு வாரம் முடிந்து அந்தம்மா இரண்டாம் தடவை வந்தார். அன்றைக்காவது நான் எழுந்து போயிருக்கலாம். ஏன் என்று கேட்பார்களே என்று உட்கார்ந்திருந்தேன். கழித்தல் தொடங்கும் எண்ணை மாற்றியிருந்தார்கள், இரண்டாயிரத்து இருபத்து மூன்றிலிருந்து. அந்தம்மா நேராக நின்று, நிதானமாக, இரண்டாயிரத்து ஆறு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டு என்று இறங்கிக்கொண்டே போனார். ஒரு இடத்திலும் விழவில்லை. பார்வை மட்டும் என் மேலேயே இருந்தது. என் முகம் அசையவில்லை. அது ஒன்றுதான் எனக்கு வரும்.

அன்று சிரிப்பதற்கு டாக்டரம்மாவும் எங்களோடு வந்தார்.

"இவர் முகத்தைப் பார்த்து ஒண்ணும் நினைச்சுக்காதீங்க. எல்லாம் நாங்க சொல்லிக் கொடுத்த நடிப்பு. போன தடவையே சொல்லியிருப்பாங்க" என்றார்.

"போன தடவையா? யாரும்..." என்று ஆரம்பித்த அந்தம்மா என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

டாக்டரம்மாவின் சிரிப்பு நின்றது. கையில் இருந்த படிவக் கட்டைப் புரட்டினார். "சொல்லலையா? இங்க டிக் இருக்கே. கையெழுத்தும் இருக்கு." என் பக்கம் திரும்பினார். "நீங்கதானே போட்டிருக்கீங்க?"

ஒரு சின்ன 'சொல்லலைம்மா' போதும்.

"சொன்னேனேம்மா" என்றேன்.

அந்தம்மா கண்ணாடிக் கயிற்றைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு, "சொல்லியிருப்பாரும்மா. அன்னிக்கு இருந்த இருப்புல எனக்குத்தான் எதுவும் மண்டையில ஏறலை" என்றார்.

ஆறு வாரத்தில் நான் அவருக்குக் கற்றுக்கொடுத்தது இதுதான் என்று நினைத்தேன்: தன் காதை நம்பாமல் என் கையெழுத்தை நம்புவது. பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. பூமிக்கு வேறு வேலை இருந்தது. நான் போய்க் குழாய்களைக் கழுவினேன்.

அடுத்த வாரம் எச்சில் கணக்கெல்லாம் வந்து சேர்ந்தது. புள்ளிக்காரர் திரையில் படம் வரைந்தார். ஒரு பக்கம் அ பிரிவு, மறுபக்கம் ஆ பிரிவு. எது கிருமி, எது மாவு என்று இன்னும் தெரியாது. ஒருவருக்கு ஒரு புள்ளி, பதற்றம் முதல் தடவையிலிருந்து இரண்டாம் தடவைக்கு எவ்வளவு இறங்கியது என்று. எல்லாப் புள்ளிகளும் நடுக்கோட்டைச் சுற்றி ஈ மொய்த்தது போல இருந்தன. ஒன்று மட்டும் தனியாக, திரையின் அடியில் கிடந்தது.

"இருபத்தேழைப் பாருங்க, பாதாளத்துக்கே போயிருக்கு" என்றார் புள்ளிக்காரர்.

டாக்டரம்மாவின் முகம் மலர்ந்தது. இரண்டு வருஷ உழைப்பு. "ஒருத்தருக்காவது இவ்வளவு இறங்கியிருக்கே. இதைக் கூட்டத்துல தனியா காட்டணும்" என்றார்.

நான் பின்னால் நின்று அந்தப் புள்ளியைப் பார்த்தேன். கேப்ஸ்யூல் இறக்கி அது கீழே வரவில்லை. முதல் தடவை அந்தம்மாவை நான் அவ்வளவு உயரத்துக்கு விரட்டியிருந்தேன், அதனால்தான் அங்கே கிடந்தது. திரையில் கிடந்தது கிருமியும் இல்லை, மாவும் இல்லை, நான். என் அற்பத்தனத்தை அளந்து, எண் போட்டு, படமாக வரைந்து, நாளைக்கு ஊர் கூட்டிக் காட்டப் போகிறார்கள்.

மறுநாள் காலை டாக்டரம்மாவின் அறைக்குப் போனேன். ஸ்டிக்கரைப் பற்றிப் பேசவில்லை. ஜன்னல், படிவம், நான் சேர்த்துச் சொன்ன வரி, பொய்க் கையெழுத்து, டீ, அந்த இரண்டு கேப்ஸ்யூல்வரை எல்லாவற்றையும் நின்றுகொண்டே சொன்னேன். அவர் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"புள்ளியை எடுத்துடலாம். ஏன் எடுத்தோம்னு எழுதிட்டா போதும்" என்றார் கடைசியில். "அந்தம்மாவுக்கு என்ன பண்ணப் போறீங்க?"

"நீங்க ஒரு லெட்டர்..."

"நான் முறைப்படி எழுதுவேன். நெறிமுறைக் குழுவுக்கும் எழுதணும். அது என் வேலை. நான் கேட்டது உங்களை. இனிமே அந்த நாற்காலியில நீங்க உட்கார வேண்டாம். கோட்டைப் புள்ளிக்காரர்கிட்ட கொடுத்துடுங்க."

புள்ளியை எடுத்த பின் இரண்டு பிரிவுக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் நூலிழையாகிவிட்டது. கேப்ஸ்யூல் கொஞ்சம் உதவலாம், உதவாமலும் போகலாம், இன்னும் நிறையப் பேரை வைத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா எழுதினார். எழுதும்போது என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அன்று மத்தியானமே சான்றிதழ் அலுவலகத்துக்குப் போனேன். நாலாம் ஜன்னலில் வேறொரு ஆள் உட்கார்ந்திருந்தார். பதிவேட்டு அறை கட்டடத்தின் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. உள்ளே கூரை வரைக்கும் கட்டுக் கட்டாகக் காகிதம். நடுவில் ஒரு மேஜை போட்டு அந்தம்மா கிழிந்த பக்கங்களை ஒட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"வாங்க சார்" என்றார், வருவேன் என்று தெரிந்தவர் போல.

நான் உட்காரவில்லை. "அன்னிக்கு உங்களை நான் சொன்னது எங்க தாள்ல இல்லாத வரி. நானா சேர்த்துச் சொன்னது. உங்ககிட்ட ஒரு குறையும் இல்லை, அங்க யார் நின்னாலும் தடுமாறுவாங்க. அதை வந்து சொல்ல வேண்டியது என் வேலை. சொல்லாமலே சொன்னதா கையெழுத்துப் போட்டேன்." "ஏன்னா, அதுக்கு முந்தின மாசம் நீங்க என்னை நாலாம் ஜன்னல்ல..."

"தெரியும்" என்றார். "மேஜைக்குப் பின்னாடி உங்களைப் பார்த்ததுமே தெரிஞ்சுடுச்சு. உங்க முகத்தை மறக்க முடியுமா?"

அவர் பசைக் கிண்ணத்தை ஓரமாக நகர்த்தினார்.

"ஜன்னலுக்கு வந்து அப்ப எனக்கு ரெண்டே வாரம். வரிசையைப் பார்த்தாலே வயித்தைப் பிடிச்சு முறுக்கும். பல்லைக் கடிச்சிட்டு உட்கார்ந்திருப்பேன். அன்னிக்கு அதை யார் மேலயாவது இறக்கி வைக்கணும்னு இருந்தேன், நீங்க வந்தீங்க. நீங்க அந்தப் பேப்பரை மடிச்சு வெச்சுக்கிட்டுப் போன விதம் இருக்கே, வீட்டுக்குப் போயும் சாப்பாடு இறங்கலை. இப்படியே போனா இன்னும் எத்தனை பேரை இப்படிப் பேசுவேனோன்னுதான் உங்க கேப்ஸ்யூலுக்கே வந்து சேர்ந்தேன். வந்து பார்த்தா எதிர்ல நீங்க."

நான் பக்கத்திலிருந்த கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"பஞ்சை மென்னு முடிச்சதும் நர்ஸ் சொன்னாங்க, உட்காருங்க, அவங்க வந்து பேசுவாங்கன்னு. நல்லதாப் போச்சுன்னு நினைச்சேன். மன்னிப்புக் கேட்டுடலாம்னு வார்த்தையெல்லாம் கோத்து வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். பெருக்கறவங்க வந்து லைட்டை அணைக்கற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன் சார்."

அந்த நேரத்தில் நான் குடித்த இரண்டாவது டீ எனக்கு ஞாபகம் வந்தது. சர்க்கரை கூடப் போடச் சொல்லிக் குடித்தேன்.

"அப்ப, டாக்டரம்மா கேட்டப்ப?" என்றேன். "நான் சொல்லலைன்னு உங்களுக்கு நல்லாத் தெரியுமே. ஏன் அப்படிச் சொன்னீங்க?"

அவர் கிழிந்த பக்கத்தை நீவினார். "ஏற்கெனவே ஒரு தடவை நாலு பேர் முன்னாடி உங்களைத் தலைகுனிய வெச்சிருக்கேன். ரெண்டாவது தடவை வைக்க மனசு வரலை" என்றார்.

அழுதுவிடுவேனோ என்று பயந்தேன். இந்த முகம் அழுதால் எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது. தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டது.

"மறுபடி ஜன்னலுக்குப் போவீங்களா?" என்று கேட்டேன்.

"எழுதிக் கொடுத்ததைத் திருப்பி வாங்கணும். பார்ப்போம்." பிறகு, "உங்க பொண்ணோட தேதி திருத்தியாச்சா?" என்று கேட்டார்.

இல்லை என்று தலையாட்டினேன். நாலாக மடித்த படிவம் இன்னும் அதே பையில்தான் இருந்தது. அவர் இழுப்பறையிலிருந்து புதுப் படிவம் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். எழுத்தெல்லாம் எறும்பாக ஊர்ந்தது. அன்றும் கண்ணாடியை எடுத்து வந்திருக்கவில்லை.

"கண்ணாடி கொண்டு வரலை. அன்னிக்கும் கொண்டு வரலை" என்றேன்.

அவர் படிவத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஒவ்வொரு வரியாக வாசித்தார், நான் சொன்னேன், அவர் எழுதினார். மகளின் பெயர், சரியான தேதி, அம்மா பெயர், என் பெயர். எழுதி முடித்ததும் பேனாவை என்னிடம் நீட்டி, கீழே ஓர் இடத்தில் விரலை வைத்துக் காட்டினார்.

"மேலே சொன்னது எல்லாம் உண்மைன்னு போட்டிருக்கு. இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றார்.

பேனாவை வாங்கிக்கொண்டேன். "இன்னொரு தடவை முதல்லேருந்து வாசிங்கம்மா" என்றேன். அவர் பொறுமையாக மறுபடி வாசித்தார். ஒரு வரிகூட விடாமல் கேட்டுவிட்டுத்தான் போட்டேன்.